கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
நவம்பர் 3, 2024

அன்புள்ள தம்பி றொய்சனுக்கு,

பதினாலாம் மாடி ரதி அன்ரி எழுதுகிறேன். என் போன் இலக்கத்தை நீர் தடுத்து வைத்திருக்கிறீர். அதைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. உம்முடைய மாமியாரிடம், சுபாங்கியின் அம்மாவிடம், கெஞ்சித்தான் ஏஜக்ஸ் விலாசத்தை வாங்கினேன். கிழித்துப் போடுவதென்றாலும் ஒருமுறை வாசித்துவிட்டுக் கிழியும்.

செப்டெம்பர் பன்னிரண்டாம் திகதி நான் எடுத்த வீடியோவைப் பற்றித்தான் எழுதவேண்டும். அன்றைக்கு எங்கள் கட்டடத்தின் இரண்டு எலிவேற்றரும் நின்று ஆறு கிழமை. பொன்னம்பலம் ஐயாவை டயலிசிஸுக்குக் கொண்டுபோகவேண்டும். இரண்டு பெடியள் அவரைப் பிளாஸ்ரிக் கதிரையில் வைத்துப் பதினொரு மாடி இறக்கினார்கள். நான் பின்னாலேயே படம் எடுத்துக்கொண்டு வந்தேன். கீழே வந்ததும் போனை உம்முடைய அலுவலக அறைப் பக்கம் திருப்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீர் முதுகைக் காட்டியபடி போனில் கதைத்துக்கொண்டிருந்தீர்.

"பாருங்கோ, இவர்தான் எங்கட பில்டிங்குக்குப் பொறுப்பு. ஒரு மனுசனைக் கதிரையிலை தூக்கிக்கொண்டு வருகினம். இவர் ஆரோடையோ கதை அளந்துகொண்டு நிக்கிறார்" என்று சொன்னேன். சத்தம் கேட்டு நீர் திரும்பினீர். உம்முடைய முகத்தோடு வீடியோ முடிந்தது.

இரண்டு இலட்சம் பேர் பார்த்தார்கள். நாலாம் நாள் கட்டடத்தை நடத்துகிற கொம்பனி உம்மை வேலையால் நிற்பாட்டியது. வேலையோடு வந்த வீடும் போனது. பத்தாம் நாள் ஒரு எலிவேற்றர் ஓடத் தொடங்கியது. கீழே லொபியில் கேக் வெட்டி என்னைக் குடியிருப்பாளர் சங்கத்துக்குத் தலைவி ஆக்கினார்கள். நானும் அந்தக் கேக்கைச் சாப்பிட்டேன், தம்பி.

போன வியாழக்கிழமை எலிவேற்றர் திருத்துகிற பிலிப்பினோக்காரர் வந்திருந்தார். "றோய் எங்கே?" என்று என்னிடம் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையில் இருந்த சாமானைக் கீழே வைத்துவிட்டார். நீர் ஒவ்வொரு நாளும் அவரைக் கூப்பிட்டீராம். அந்த முதியவரைத் தூக்கி இறக்கிய நாளில் நாற்பது நிமிடம் அவரோடு மன்றாடினீராம். பாகம் வாங்க உம்முடைய கொம்பனி கையெழுத்து வைக்காததால் அவருடைய முதலாளி அவரை அனுப்பவில்லையாம்.

அந்த நாற்பது நிமிடத்துக்குள்தான் நான் உம்மைப் படம் எடுத்திருக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். கதவைத் தட்டாமல் ஒருவருடைய அறைக்குள் போகக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். உம்முடைய கதவை மட்டும் தட்டவில்லை. கோபம் தலைக்கேறி நின்றது. போனும் கையில் இருந்தது.

உண்மையை அதே பேஸ்புக் பக்கத்தில் எழுத விரும்புகிறேன். உம்முடைய சம்மதம் வேண்டும்.

மன்னிப்புக் கேட்கவும் கூசுகிற,
ரதி அன்ரி


ஏஜக்ஸ்
நவம்பர் 15, 2024

மதிப்புக்குரிய ரதி அன்ரிக்கு,

கடிதம் கிடைத்தது. சுபாங்கிதான் முதலில் வாசித்தாள். வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

அவளுடைய அக்கா வீட்டுப் பேஸ்மென்றில் இருக்கிறோம். மகள் நிலாணிக்குப் பள்ளிக்கூடம் மாறியாகிவிட்டது. புதுப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையின் தகப்பன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீர்தானே அந்த ஆள்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு அது பகிடி. நிலாணி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு இடத்துக்கு வேலை கேட்டுப் போனேன். இரண்டாவது இடத்தில் இருந்த பெண் கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். என் முகம் அதில் நின்றது. நான் எழும்பி வந்துவிட்டேன்.

கொம்பனிக்கு முப்பத்தொரு மின்னஞ்சல் அனுப்பினேன், அன்ரி. அவர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்று குடியிருப்பவர்களுக்குச் சொல்லக்கூடாது என்பது கட்டளை. அதனால் நீங்கள் கேட்ட நேரமெல்லாம் "சொல்லியிருக்கு அன்ரி, பாப்பம்" என்று மட்டும் சொன்னேன். அது என் பிழைதான். ஆனால் எங்கள் வீட்டில் எத்தனை நாள் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறீர்கள். ஒருதரம் அந்தக் கதவைத் திறந்து "ஆரோடை கதைக்கிறாய்" என்று கேட்டிருக்கலாம்.

ஒன்றும் போடவேண்டாம். நீங்கள் நல்லது எழுதினாலும் அதற்குக் கீழே அந்த வீடியோவைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். என் முகம் திரும்பவும் ஊரெல்லாம் சுற்றும். போனில் இருந்த பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறேன். அதைக் கெடுக்காதீர்கள்.

இனி எழுதத் தேவையில்லை.

இப்படிக்கு,
றொய்சன்


மோர்னிங்சைட்
டிசெம்பர் 9, 2024

அன்புள்ள தம்பிக்கு,

எழுதவேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். நடந்ததை வேறு யாரோ சொல்லி நீர் அறியக்கூடாது.

பேஸ்புக் பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. வீடியோவை அதிலிருந்து எடுத்துவிட்டேன். வேறு நாலு பேர் அதைத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். நாலு பேருக்கும் தனித்தனியே எழுதினேன். மூன்று பேர் எடுத்தார்கள். நாலாவது ஆள் "இன்னும் ஆக்கள் பாக்கினம் அக்கா, ஏன் எடுப்பான்" என்று கேட்டார். அவருக்குக் கிழமைக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கிறேன். எனக்குச் சலிப்பு வராது.

எங்கள் பக்கத்தை நடத்துகிற துவாரகாவை உமக்குத் தெரியும், ஒன்பதாம் மாடி, யுனிவேர்சிற்றியில் படிக்கிற பிள்ளை. அவள் என்னோடு பெரிய சண்டை. "அன்ரி, மற்ற எலிவேற்றருக்காகப் பெப்ரவரியிலை வாடகைச் சபையிலை விசாரணை இருக்கு. இப்ப நாங்கள் பிழை விட்டிட்டம் எண்டு சொன்னா கொம்பனி அதைத் தூக்கிக் காட்டும். விசாரணை முடியட்டும், பிறகு சொல்லுவம். ஜஸ்ற் ரூ மந்த்ஸ், ரெண்டே மாசம் அன்ரி" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொம்பனி எங்களிடம் மறைக்கிறது என்று சொல்லித்தான் நூற்றிருபது வீட்டுக்காரரையும் ஒரு வட்ஸ்அப் குழுவுக்குள் சேர்த்தேன். அவர்களிடம் நானே ஒன்றை மறைத்துக்கொண்டு எப்படி முன்னுக்கு நிற்பது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் லொபிக்குக் கூப்பிட்டேன். போனைப் பொக்கற்றுக்குள் வைக்கச் சொன்னேன். பிறகு சொன்னேன். உம்மிடம் கேட்காமல்தான் சொன்னேன், தம்பி. நான் பிழையாகச் சொன்னது இந்த ஆட்களிடம்தான், அதனால் இவர்களுக்கு முன்னால் திருத்தவேண்டும் என்று நினைத்தேன்.

ஏழாம் மாடி இரத்தினவேல் அண்ணைதான் முதலில் கதைத்தார். "நீங்கள் சொன்னபடியாத்தானே நாங்கள் ஷெயர் பண்ணினம். எங்களையும் பொய்யராக்கிப் போட்டியள்." ஓம், உண்மைதான் என்றேன்.

பொன்னம்பலம் ஐயா கதிரையில் இருந்தபடி கையை உயர்த்தினார். "அதுக்கு முதல் கிழமையெல்லாம் அந்தத் தம்பிதான் என்னைத் தூக்கி இறக்கினவர். அண்டைக்குத்தான் போனிலை நிண்டவர். வீடியோ போடேக்கை என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

றொய்சன், அவருக்காகத்தான் அந்த வீடியோவை எடுத்தேன் என்று இத்தனை நாளும் சொல்லித் திரிந்தேன். அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

தலைவிப் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று சொன்னேன். வாக்கெடுத்தார்கள். இருபத்திரண்டு பேர் இருக்கச் சொன்னார்கள், பதினேழு பேர் போகச் சொன்னார்கள். குழுவை விட்டுப் பலர் போய்விட்டார்கள். இருக்கிறேன். இனி யாருடைய முகத்தையும் அந்த ஆளைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். துவாரகா அதை எழுதி லொபிச் சுவரில் ஒட்டினாள். என்னோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, ஆனால் ஒட்டினாள்.

லொபியிலிருந்து மேலே வந்து, ஐந்து கிழமைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நீர் பதில் எழுதவேண்டியதில்லை.

அன்புடன்,
ரதி அன்ரி


ஏஜக்ஸ்
ஜனவரி 12, 2025

அன்புள்ள ரதி அன்ரிக்கு,

புதுவருட வாழ்த்துகள். பதில் எழுதப் பிந்திவிட்டது. எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

பொன்னம்பலம் ஐயா சுபாங்கியின் போனுக்கு எடுத்தார். லொபியில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். நீங்கள் எழுதியதைவிடக் கூடவே திட்டு விழுந்தது என்றார். அதை நீங்கள் எழுதவில்லை. இரத்தினவேல் அண்ணை கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனதையும் எழுதவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் முந்திப்போல் நெஞ்சில் ஏறி இருக்கவில்லை. சுபாங்கி நேற்று, "மனுசி மற்றவையைக் கூப்பிட்டு வைச்சுத் தன்ரை வாயாலை சொல்லியிருக்கிறா. எத்தினை பேர் உப்பிடிச் செய்வினம்" என்று கேட்டாள்.

இதோடு முப்பத்தொரு மின்னஞ்சலையும் அச்செடுத்து அனுப்புகிறேன். கொம்பனி தந்த பதில்களும் இருக்கின்றன, ஆறு. விசாரணையில் காட்டுங்கள். நான் இப்போது அவர்களுடைய ஆள் இல்லை. நீங்கள் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேனோ தெரியாது.

பேஸ்புக் பக்கத்திலும் எழுதுங்கள். பெயர் போடலாம், படம் வேண்டாம். போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
றொய்சன்


மோர்னிங்சைட்
ஜனவரி 26, 2025

அன்புள்ள தம்பிக்கு,

கடித உறையைப் பிரித்துவிட்டு அப்படியே குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். நன்றி என்ற சொல் இதற்குக் காணாது, ஆனாலும் நன்றி.

எழுதியது இதுதான். ஒரு சொல் பிடிக்காவிட்டாலும் வெட்டும்.

"செப்டெம்பரில் நான் போட்ட வீடியோவில் றொய்சன் என்பவர் எங்களைக் கவனிக்காமல் போனில் பொழுது போக்கினார் என்று சொன்னேன். அது பொய். அவர் அந்த நேரம் எலிவேற்றரைத் திருத்த வரும்படி மன்றாடிக்கொண்டிருந்தார். நான் விசாரிக்காமல் போட்டேன். அதனால் அவர் வேலையையும் வீட்டையும் இழந்தார். அவர் ஒரு வீரர். நான் ஒரு பாவி. அந்த வீடியோ உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள். ரதி, பதினாலாம் மாடி."

அன்புடன்,
ரதி அன்ரி


ஏஜக்ஸ்
பெப்ரவரி 3, 2025

அன்புள்ள அன்ரிக்கு,

வீரர் வேண்டாம். பாவியும் வேண்டாம். இரண்டையும் வெட்டியிருக்கிறேன். மிச்சம் சரி, போடுங்கள்.

பின்குறிப்பு: சுபாங்கி இரண்டு தரம் வாசித்தாள். அழுதாள். நல்ல அழுகைதான்.

றொய்சன்


மோர்னிங்சைட்
மார்ச் 17, 2025

அன்புள்ள தம்பி றொய்சனுக்கு,

இது சந்தோசக் கடிதம். முதலில் சந்தோசமில்லாததைச் சொல்லி முடிக்கிறேன். நீர் திருத்தித் தந்ததைப் போட்டோம். வீடியோவை இரண்டு இலட்சம் பேர் பார்த்தார்கள். இதை ஆறாயிரம் பேர்தான். பொய் ஓடின தூரத்துக்கு உண்மையை ஓட்ட எங்களால் முடியவில்லை. நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, துவாரகா அதை இங்கிலிசிலும் எழுதி, எங்கள் வீடியோவை முந்திப் பகிர்ந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் தானே அனுப்பினாள். அந்த நாலாவது ஆளும் வீடியோவை அழித்துவிட்டார். பதினைந்து தரம் எழுதியிருந்தேனாம், எண்ணிச் சொன்னார்.

இனி விசாரணை. துவாரகா பயந்தபடியே கொம்பனி வழக்கறிஞர் எங்கள் பதிவைத் தூக்கிக் காட்டினார். சங்கத் தலைவியே தான் சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றார். விசாரித்த அம்மா, "வீடியோ இருக்கட்டும். இந்த முப்பத்தொரு மின்னஞ்சலும் உங்கள் கொம்பனிக்கு வந்ததா?" என்று கேட்டார். வழக்கறிஞர் தாளைப் புரட்டினார். பிறகும் புரட்டினார். வந்தது என்றார். மேசைக்குக் கீழே துவாரகா என் கையைப் பிடித்தாள். மே மாதம் முடியுமுன் மற்ற எலிவேற்றரும் ஓடவேண்டும் என்று தீர்ப்பு. வேலை தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் இருந்தாலே துளைக்கிற சத்தம் கேட்கிறது. இவ்வளவு இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. வெக்ஸ்போர்ட்டில் முதியவர்களுக்கான தொடர்மாடி ஒன்றை நடத்துகிற பெண் எங்கள் பதிவையும் விசாரணைத் தீர்ப்பையும் பார்த்துவிட்டு எனக்கு எடுத்தார். "முப்பத்தொரு தரம் எழுதுகிற பொறுப்பாளரைத்தான் நான் தேடுகிறேன். அவர் வேலை செய்கிறாரா?" என்று கேட்டார். உம்முடைய இலக்கத்தைக் கொடுக்கவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருடைய இலக்கம் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. எடுப்பதும் விடுவதும் உம்முடைய விருப்பம்.

அன்புடன்,
ரதி அன்ரி


வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
மே 4, 2025

அன்புள்ள ரதி அன்ரிக்கு,

விலாசத்தைப் பார்த்ததும் விளங்கியிருக்கும். போன கிழமை இங்கே வந்துவிட்டோம். கீழ்மாடி, இரண்டு அறை, பின்பக்கம் சின்னப் புல்தரை. நிலாணி தன் அறைக் கதவை மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறாள்.

நேர்முகத்துக்குப் போனபோது நானே தொடங்கினேன். "என்னைப் பற்றி ஒரு வீடியோ இருக்கிறது. அதில் நிற்பது நான்தான்" என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை தலை குனியவில்லை, அன்ரி. வெளியே வந்து காரில் இருந்தபடியே சுபாங்கிக்கு எடுத்து, வேலை கிடைச்சிட்டுது என்று சொன்னேன்.

இங்கே இருக்கிறவர்களில் ஒருவர் நேற்று என் அலுவலகத்துக்கு வந்து, தண்ணீர்க் குழாய் ஒழுகுது, நீ ஏன் கவனிக்கவில்லை என்று ஏசினார். முந்தியென்றால் பார்ப்போம் என்று சொல்லியிருப்பேன். நான் யாருக்கு எழுதினேன், என்ன பதில் வந்தது, எப்போது வருவார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, தன் மகனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். முக்கால் மணித்தியாலம் போனது.

வருகிற சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வாருங்கள். துவாரகாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பொன்னம்பலம் ஐயாவை நான் வந்து காரில் ஏற்றுகிறேன். சுபாங்கி இறால் வாங்கப்போகிறாளாம். உங்களுக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று அவள் கேட்கச் சொன்னாள், எனக்கு எழுத மறந்துபோகும் என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

இன்று காலை சுபாங்கி எங்கள் மூன்று பேரையும் புது வீட்டு வாசலில் வைத்துச் செல்ஃபி எடுத்துப் பேஸ்புக்கில் போட்டாள். போடு என்று சொன்னது நான்தான். மத்தியானம் வரை அவளுடைய போனை வாங்கி வாங்கி எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று பேர். எல்லாரும் தெரிந்தவர்கள்.

அன்புடன்,
றொய்சன், சுபாங்கி, நிலாணி