தாசனை நிறுத்திய கிழமை

2006 பெப்ரவரி 6, திங்கள்

குளிர், பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு. பஸ் பிந்திவிட்டது. வேலைக்குப் பதினேழு நிமிடம் தாமதம், மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

மாலையில் நேரத்தாளில் கையெழுத்து. இரண்டு கிழமைக்கு ஒரு தாள். மனுசனைப் பராமரிக்கிற தாசன் வந்த நேரம், போன நேரம், கீழே இரண்டு கோடு. ஒன்றில் பணியாளர், மற்றதில் வேலை கொடுப்பவர். வேலை கொடுப்பவர் நான். இருபது வருடமாகச் சட்டைக் கொலர் தைக்கிறவள். ஒவ்வொரு முறையும் பேனை தயங்குகிறது.

என் மனுசனுக்குப் பக்கவாதம் வந்து பதினாலு மாதம். வலது கை, வலது கால் வேலை செய்யாது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல், "ஓம்". பசிக்கிறதா, ஓம். பசிக்கவில்லையா, ஓம். முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். முகமும் பாதிதான் அசைகிறது. ரக்சி ஓட்டிய காலத்தில் ஏறுகிற ஆட்களை இறங்க விடாமல் கதைத்த மனுசன்.

சுகாதார நிலையத்து மதாம் வீட்டுக்கு வந்து பார்த்து, கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் என்று எழுதினார். ஆளை நாங்களே தெரிவு செய்யலாம், சம்பளத்தை அரசாங்கம் நேரே அந்த ஆளுக்கு அனுப்பும். ஒரே வீட்டில் இருப்பவரை வைக்கக் கூடாது. ஆகவே நான் வேலைக்குப் போக, தாசன் வருகிறார். மன்னார்ப் பக்கம், ஐம்பது வயது, ஊரில் ஆசுபத்திரியில் நோயாளர்களைத் தூக்கி இறக்கியவர், இங்கே எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாட்டுக்குழு. ஒக்ரோபரில் இருந்து.

வாங்க வேண்டியவை: பெரியவர்களுக்கான டயப்பர், சிவப்பரிசி, றிமோட்டுக்குப் பற்றரி.

பெப்ரவரி 8, புதன்

இவருக்குச் சேட் மாற்றும்போது கண்டேன். இடது மேல்கை, நல்ல கை. நாலு நீலத் தழும்பு வரிசையாக. பின்பக்கம் ஒன்று. விரல்கள்.

"தாசன் பிடிச்சவரோ?"

"ஓம்."

"எங்கையும் விழுந்தனீங்களோ?"

"ஓம்."

"ஒண்டும் நடக்கேல்லையோ?"

"ஓம்."

கண்ணால் நீர் வடிந்தது. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு ரீவியில் சவர்க்கார விளம்பரம் வந்தாலும் அழுகிறார். அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

பேச்சுப் பயிற்சிக்காரி தந்த படங்களைக் கொண்டுவந்து முன்னால் பரப்பினேன். அடிக்கிற படம் அதில் இல்லை. கட்டில், கோப்பை, கழிப்பறை, சூரியன்.

பெப்ரவரி 9, வியாழன்

பனி. லவாலில் இருக்கும் மகள் டிலானிக்கு ரெலிபோனில் சொன்னேன். அவள் உடனே நிறுத்தச் சொன்னாள். இந்த நாட்டில் இதைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாதாம். எனக்குப் பிரெஞ்சு ஓடாது, அவளே மதாமுக்கு எடுத்துக் கதைத்தாள். மதாம் கவலைப்பட்டாராம். செவ்வாய்க்கிழமை தாதி ஒருவரை அனுப்புவாராம். இவர் இரத்தம் உறையாமல் எடுக்கிற குளிசையால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் நீலம் வரும், அதையும் யோசிக்கச் சொன்னாராம். ஆனால் ஆளை வைத்திருப்பதோ நிறுத்துவதோ நான்தான் முடிவெடுக்க வேண்டும். வேலை கொடுப்பவர் நான்.

யாராவது எனக்காக முடிவெடுத்தால் அவருக்குக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவேன்.

பெப்ரவரி 10, வெள்ளி

தாசன் வரும்வரை வீட்டிலே நின்றேன். வந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கால்மிதியில் நேராக வைத்தார். கை கழுவினார். "அண்ணை, இரவு நித்திரை வந்ததோ?" என்று கேட்டுக்கொண்டு போர்வையை மடித்தார். இவர் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார். பயமா, பிரியமா? முப்பது வருடம் கூடப் படுத்த எனக்குத் தெரியவில்லை.

கையில் காயம் மாதிரி ஒன்று இருக்கிறதே என்றேன். தாசன் நிலத்தைப் பார்த்தார்.

"குளிக்க வார்க்கேக்க இறுக்கிப் பிடிச்சிட்டன் போல, அக்கா. இனிப் பாத்துச் செய்யிறன்."

அவ்வளவுதான். வீட்டுக்குள் வெக்கை, ஆனால் அவர் முழுக்கைச் சேட்டை மடிக்கவே இல்லை. ஏன் நிலத்தைப் பார்த்தார்? தொழிற்சாலையில் ஒரு கொலரைப் புறம் மாற்றித் தைத்துவிட்டு இருந்து பிரித்தேன்.

மாலை வந்து பார்த்தால் இவர் மணிக்கட்டில் இன்னொன்று. புதிது.

பெப்ரவரி 12, ஞாயிறு

டிலானி வந்து அப்பாவோடு இருந்தாள். நான் பூசைக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. தாசன் பாட்டுக்குழுவில் இரண்டாம் வரிசை.

முடிந்து சனம் குளிர்ச்சட்டை போடுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன். பஸ்சில் இருந்தே பாடமாக்கிய வசனம் எல்லாம் போய்விட்டது.

"தாசன், நாளைக்கு வர வேண்டாம். இனி வர வேண்டாம்."

குளிர்ச்சட்டையில் ஒரு கையை மட்டும் போட்டபடி கேட்டார்.

"நான் ஏதும் பிழை விட்டிட்டனோ, அக்கா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். அதுதான் உண்மையும்.

வீட்டுத் திறப்பைத் தன் சாவிக் கோர்வையில் இருந்து கழற்றினார். வளையம் இறுக்கம், நெடுநேரம் எடுத்தது. தந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணைக்குப் பின்னேரம் மூண்டு மணிபோல வலது கால் இழுக்கும். முழங்காலுக்குக் கீழ தேய்ச்சு விடுங்கோ." பிறகு மெற்றோப் பக்கம் நடந்தார்.

மூன்று மணிக்கு இழுத்தது. நாலு மாதமாக எனக்குத் தெரியாத விசயம். சனி ஞாயிறில் அந்த நேரம் அழுவதை ரீவியால் என்று விட்டிருந்தேன்.

பெப்ரவரி 13, திங்கள்

சம்பளமில்லாத லீவு, ஒரு கிழமை. மேற்பார்வையாளர் அடுத்த திங்கள் கட்டாயம் வரவேண்டும் என்றார்.

பத்து மணிக்குக் குளிப்பு. ஒக்ரோபருக்குப் பிறகு நான் குளிக்க வார்க்கவில்லை. முந்தி நான் வார்க்கும்போது இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். தொட்டிக்குள் பிளாஸ்ரிக் கதிரை, அதில் இருத்தினேன். தண்ணீரை முதுகில் விட்டேன்.

அப்படி ஒரு பலம் அந்த ஒரு கைக்கு எங்கிருந்து வந்தது! என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். தாடையில் அடித்தார். குழாயைப் பிடித்து எழும்பப் பார்த்துச் சறுக்கினார். விட்டால் மண்டை தொட்டி விளிம்பில். அவர் மேல்கையை எட்டி என் முழுப்பலத்தோடும் பிடித்தேன். "ஓம், ஓம், ஓம்" என்று அழுகிறார். நானும் அழுகிறேன். சவர்க்காரம் முதுகில் அப்படியே. எப்படியோ இறக்கி, துவாயால் சுற்றி, குளியலறை நிலத்தில் இரண்டு பேரும் சுவரோடு சாய்ந்து இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் தலை என் தோளில்.

சமைக்கவில்லை. பாணும் வாழைப்பழமும்.

பெப்ரவரி 14, செவ்வாய்

காலையில் இவர் சேட்டைக் கழற்றினேன். பழைய தழும்பு மஞ்சளாக மாறிவிட்டது. அதற்கு மேலே நீலமாக நாலு. பின்பக்கம் ஒன்று. என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன். அளவு சரி.

தாதி பதினொரு மணிக்கு வந்தார். இளம் பெண், ஆங்கிலம் கதைத்தார். கையைப் பார்த்துவிட்டு இது யார் செய்தது என்று கேட்டார். நான் என்றேன். எழுதப் போனவர் என் தாடையைக் கண்டு பேனையை வைத்தார். முழுக்கக் கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு நாள் போகப் போகத் தண்ணீர் பட்டால் இப்படிப் பயம் வருமாம், வெருண்டு அடிப்பார்களாம், அது அவர்கள் குணம் இல்லையாம். தொட்டியை விட்டுவிட்டுக் கட்டிலில் வைத்துச் சூட்டுத் துணியால் துடைக்கச் செய்து காட்டினார். இவர் பூனை போலக் கிடந்தார். முந்தி வந்தவர் இதை உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார்.

தாசனுக்கு நாலு தரம் ரெலிபோன் எடுத்தேன். ஆறு மணிக்குத்தான் கிடைத்தார். அண்ணை உங்களுக்கும் அடித்தாரா என்று கேட்டேன். கிறிஸ்மசுக்குப் பிறகு தொடங்கினது என்றார். தன் கையில் கடித்த அடையாளமும் இருக்கிறதாம்.

"ஏன் தாசன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது, அக்கா? நான் இஞ்ச வந்த புதுசில விலாசம் எழுதின கடதாசித் துண்டோட தெருவில நிண்டனான். அண்ணைதான் ஏத்திக்கொண்டு போய் அறை பிடிச்சுத் தந்தவர். அவர் அடிக்கிறார், கடிக்கிறார் எண்டு உங்களிட்ட வந்து சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும். நேற்றே தெரிந்த ஒருவர் மூலம் லவாலில் ஒரு களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டார். பகல் வேலை, முழு நேரம். உடனே விட்டுவிட்டு வந்தால் சேர்த்துவிட்ட ஆளுக்குக் கெட்ட பெயர். மன்னிக்கச் சொன்னார். அவர் என்னிடம்! ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 16, வியாழன்

உறைமழை. ஜோன் தலோன் தெருத் தமிழ்க் கடையில் விளம்பரம் ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டு மனுசி இவரைப் பார்த்துக்கொண்டிருக்க ஓடிவந்தேன். நோயாளியைப் பராமரிக்க ஆள் தேவை. இரண்டு பேர் ரெலிபோன் எடுத்தார்கள். ஒரு பெண், ஆம்பிளைகளைத் துடைக்கமாட்டாளாம். ஒரு ஆண், அடிப்பாரா என்று அவரே கேட்டார். நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்கக் கதை போய்விட்டது. சில நேரம் அடிப்பார் என்றேன். பேந்து எடுக்கிறன் என்றார். எடுக்கவில்லை.

பெப்ரவரி 17, வெள்ளி

தபாலில் ஒரு படிவம். வேலை முடிந்த பத்திரம், தாசனுக்காக நான் நிரப்ப வேண்டியது. டிலானிக்கு ரெலிபோனில் எழுத்துக் கூட்டி வாசிக்க, அவள் தமிழில் சொன்னாள். காரணம் என்று நாலு கட்டம். வேலை குறைந்தது. பணியாளர் தானே விலகினார். நீக்கப்பட்டார். வேறு.

நீக்கப்பட்டார் என்று போட்டால் அவருக்குப் பிறகு வேறு இடங்களில் கரைச்சலாம். தானே விலகினார் என்றால் பொய், அதுவும் பழியை அவர் தலையில் போடுகிற பொய். வேறு என்றதில் புள்ளடி போட்டேன். பக்கத்தில் விளக்கம் எழுத ஒரு வரி இடம்.

பணியாளரில் பிழை இல்லை, பிழை என்னுடையது என்று எழுதவேண்டும் என்றேன். அங்கே டிலானியின் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு பிரெஞ்சில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். வரி போதவில்லை, ஓரத்தில் வளைத்து எழுதினேன்.

கையெழுத்து வைத்தாயிற்று. உறை ஒட்டியாயிற்று. திங்கட்கிழமைக்கு ஆள் இல்லை.