றபான் சத்தம் கேட்காத யன்னல்

கல்முனைக்குடி
04.07.1982, றமழான் பிறை பன்னிரண்டு

அன்பு மகன் முனாபுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ நோன்பும் பிடித்து, வேலைக்கும் போய், தலையிடி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே வாப்பா, நான், உன் தங்கச்சி றாஹிலா, மருமகன் ஜவுபர் நாலு பேரும் இருக்கிறோம், நல்ல சுகம் என்று எழுதினால் பாதிதான் உண்மை, மற்றப் பாதியைக் கீழே எழுதுகிறேன், அதற்காகப் பயந்துபோய்க் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, பயப்பட ஒன்றும் இல்லை, நான் எழுதுகிற ஒழுங்கிலேயே வாசி. உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. தங்கச்சி வீட்டுக்கு நீ அனுப்பிய இரட்டைக் கண்ணாடி யன்னலில் என்னென்ன பிழை, யார் யார் கை வைத்தது என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லியிருந்தாய். அதோடு ஹஜ்ஜுப் பெருநாள் முடிய உன் அக்ரிமெண்டும் முடிகிறது, கம்பனிக்காரர் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், அதைப் போட்டுவிட்டு அந்த வீட்டு யன்னல்கள் அத்தனையையும் பிழையில்லாத சாமானாக மாற்றித் தருகிறேன், உங்கள் பதில் வந்ததும் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். யன்னல் கதையை முதலில் சொல்கிறேன். கையெழுத்துக் கதைக்குப் பிறகு வருகிறேன், அதற்குள் நீ எதிலும் பேனா வைக்காமல் இருந்தால் சரி.

சூறாவளி வந்து நம்முடைய பழைய வீட்டுப் பலகை யன்னல்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகுதானே நீ சவூதிக்குப் போனாய், போகும்போது ஒரு காற்றும் உள்ளே வராத யன்னல் கொண்டுவந்து தங்கச்சிக்கு வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அளவு பிழையாகிவிட்டது என்று நீ வேலை செய்கிற யன்னல் கம்பனி ஒதுக்கிப் போட்ட யன்னலை நீ கேட்டு வாங்கி, கம்பளியில் சுற்றி, உன் கூட்டாளி ஜெமீலின் சாமான் பெட்டியோடு கப்பலில் அனுப்பினாய். அது வந்து இறங்கிய நாள் தெருவே கூடிப் பார்த்தது, கம்பளியை நான் எடுத்துக்கொண்டேன், அது மட்டும் இன்றைக்கு வரை ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது. மேசன் மீராசாதான் யன்னலை முன் அறைச் சுவரில் பூட்டினார். பூட்டி முடித்து அடிச்சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உம்மா, கீழால சின்னச் சின்ன ஓட்ட இரிக்கி, மகன ஆரோ ஏமாத்திப் போட்டானுகள்" என்று மிகவும் கவலைப்பட்டு, சீமெந்து குழைத்து ஒவ்வொரு ஓட்டையாக அழகாக அடைத்துக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் கூலியும் கேட்கவில்லை, நல்ல மனுசன். பிறகு மார்கழி மழை வந்தது, சட்டத்துக்குள் இறங்கிய தண்ணீருக்குப் போக வழியில்லை, நிறைந்து அறைக்குள் வழிந்து புதுச் சுவர் ஊறி, றாஹிலாவின் தையல் மெசின் நனைந்து, மருமகன் சுருட்டி வைத்திருந்த பள்ளிக்கூடப் படங்களும் போய்விட்டன. தண்ணீர் வெளியே போவதற்கென்று வைத்த ஓட்டைதான் அது, குடைக்கம்பியால் குத்தித் திற என்று நீ எழுதிய கடிதம் வந்து சேர்வதற்குள் மழையே ஓய்ந்துவிட்டது. நானே குந்திக்கொண்டு குத்தித் திறந்தேன். இப்போது குளவி வந்து மண் வைத்து அதே ஓட்டையை அடைக்கிறது, அதுவும் மீராசாவிடம் வேலை பழகியதோ தெரியவில்லை, கிழமைக்கு ஒரு தடவை கம்பியோடு போகிறேன்.

கைபிடி இறுகிய கதையையும் எழுதத்தானே வேண்டும். கடல் உப்புக்கு அது இறுகும், தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், தேங்காய் எண்ணெய் விட வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வருவதற்கு முதல் நாளே வாப்பா தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டார், தாராளமாகவும் விட்டார், எறும்பு வரிசை கட்டி வந்தது, தூசியும் அப்பிக் கொண்டது. சீலைத் துணியால் துடைத்து மெசின் எண்ணெய் விட்ட பிறகு சரி. சுற்றி ஓடுகிற றப்பரில் ஒரு பக்கத்தை அணில் கொறித்துவிட்டது, அதற்கு மருமகன் மருதமுனைச் சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, அளவாக வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற பசையால் ஒட்டினார். இன்னும் கழலவில்லை. மருமகனுக்குப் படிப்பிக்கத்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

பெரிய பிழை என்னவென்றால், மழைக்குப் பிறகு இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி படர்ந்ததுதான். உள்ளே துடைத்தேன், வெளியே போய்த் துடைத்தேன், போகவில்லை. வருகிற பெண்டுகள் எல்லாம் என்னைப் பார்த்து, வெளிநாட்டு யன்னல் வைத்தால் போதுமா துடைக்கவும் வேண்டாமா என்று கேட்டார்கள், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கை படாத இடத்தில் போய் இருந்துகொண்டது, கண்ணுக்குத் தெரிகிறது, கை எட்டவில்லை, துடைக்கும்போதெல்லாம் உன் நினைப்புத்தான் வந்தது, உனக்கு அங்கே காய்ச்சல் என்று எழுதினாலும் எனக்கு அப்படித்தானே இருக்கிறது. அந்தக் கதை பிறகு. நீ எழுதினாய், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே விளிம்பில் ஒரு தகடு இருக்கிறது, அதற்குள் ஈரம் குடிக்கிற மணிகள் இருக்கின்றன, விளிம்புப் பசை விட்டுப்போனால் அது குடித்து நிறைந்துவிடும், பிறகு கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும் என்று. நான் யோசித்தேன், உப்புப் போத்தலுக்குள் ஈரம் பிடிக்காமல் இருக்க நாங்கள் நாலு அரிசி போட்டு வைக்கிறோம், அதுவும் ஈரம் குடிக்கிற மணிதானே. வயல் இருக்கிற வீட்டில் அரிசிக்கா பஞ்சம். பாண்டிருப்பிலிருந்து மர வேலை செய்கிற ஓடாவி சின்னப்போடி உளிப் பெட்டியோடு வந்து கண்ணாடி இரண்டையும் உடைக்காமல் பிரித்து, துடைத்து, நான் கொடுத்த வறுத்த அரிசியைக் கீழ் விளிம்பில் வரிசையாகப் போட்டு, சுற்றிவரப் பட்டி பூசி மூடிக் கொடுத்தார். அவர் முதலில் தலையைச் சொறிந்தார், "இது சரிவருமோ தெரியா, நீங்க சொல்றீங்க, செய்யிறன்" என்றார். மகன், பளிங்கு மாதிரி இருந்தது. கேலி செய்த பெண்டுகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் அரிசி வறுக்கச் சொன்னது றாஹிலாவிடம், அவள் றேடியோவைக் கேட்டுக்கொண்டு அரைகுறையாக வறுத்திருக்கிறாள். கொஞ்ச நாளில் கண்ணாடிக்கு நடுவே வண்டு நடக்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு குடும்பமாக. வெளியே விடவும் வழியில்லை, கொல்லவும் வழியில்லை, தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். நீ சிரிப்பாய், சிரி, நானும் சிரித்தேன்.

இனித்தான் மற்றப் பாதி. நோன்பு தொடங்கியதும் மேற்கேயிருந்து கச்சான் காற்று கடுமையாக அடிக்கத் தொடங்கியது, தூசிக்கும் சூட்டுக்கும் பயந்து அந்த யன்னலை இறுக்கிச் சாத்தி, மேலே சுழல்கிற பேனையும் போட்டுக்கொண்டு வாப்பாவும் நானும் முன் அறையில் படுத்தோம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப ஆதம்பாவா தெருவில் றபான் மேளம் அடித்துக்கொண்டு வருவது உனக்குத் தெரியும், அந்தச் சத்தத்துக்கு நான் எழும்பி, பின் அறையில் இருக்கிற றாஹிலாவையும் மருமகனையும் எழுப்புவதுதான் வழக்கம். அவர்கள் என்னை நம்பி, நான் ஆதம்பாவாவை நம்பி. நாலாம் நோன்பு நான் கண் விழித்தபோது கண்ணாடி நிறைய வெயில், வண்டுகள் நடந்துகொண்டிருக்கின்றன, சஹரும் இல்லை, சுபஹ் தொழுகையும் நேரம் தவறிக் கழாவாகிவிட்டது. ஆதம்பாவா பின்னேரம் வந்து, "உங்கட வாசல்ல நிண்டு கை நோக அடிச்சன், ஒரு லைற்றும் எரியல்ல, ஊர்ல இல்லயாக்கும் எண்டு போயிட்டன்" என்றார். பள்ளியில் தொழுகைக்குக் கூப்பிடுகிற வாங்கும் கேட்கவில்லை, கடலும் கேட்கவில்லை, நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய், ஒரு காற்றும் உள்ளே வரவில்லை. அன்றைக்குத்தான் நாவிதன்வெளி வயலுக்குத் தண்ணீர் முறை. ஒரு மிடறு தண்ணீரும் இல்லாமல் பிடித்த நோன்போடு போக வேண்டாம், ஆள் அனுப்புவோம் என்று நான் சொல்லச் சொல்ல, முறை தவறினால் பயிர் காயும் என்று வாப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயில் ஏறி வாய்க்கால் கட்டில் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வயல்காரர்கள் உழவு மெசினில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் குடியுங்கள், நோன்பைப் பிறகு பிடிக்கலாம் என்று டாக்குத்தரும் சொல்லி, மருமகனும் சொல்லி, கடைசியில் நான் அழுத பிறகுதான் குடித்தார். இப்போது எழும்பி நடக்கிறார், பள்ளிக்கும் போகிறார், நோன்புக் கஞ்சியில் உப்புக் குறைவு என்று நேற்றும் குறை சொன்னார், அதனால் நல்ல சுகம் என்று நீ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாயில் கிடந்தபடி முதலில் கேட்டது கீழ்வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று. பிறகு, "முனாப் இருந்தா முறைக்கு அவன் போயிருப்பான்" என்றார். அதைச் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதைப் பிள்ளைக்கு எழுதாதே, பயந்திருவான் என்றும் சொன்னார். நான் ஓம் என்று தலையாட்டினேன், இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாளே சின்னப்போடியைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். மச்சானைக் கேட்காமல் கை வைக்கலாமா என்று மருமகன் தயங்கினார், கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் றமழான் முடிந்துவிடும் என்று நான் சொன்னேன். இப்போது அதில் ஒற்றைக் கண்ணாடிதான். நடுவில் பனியும் இல்லை, வண்டும் இல்லை, இரண்டு பக்கமும் கை எட்டுகிறது. படுக்கும்போது ஒரு சாண் திறந்து வைக்கிறேன், தூசி வருகிறது, வந்தால் கூட்டத் தெரியும், ஆதம்பாவாவும் உள்ளே வந்து அடிக்கிற மாதிரிக் கேட்கிறது. கழற்றிய கண்ணாடியை வீசவில்லை. வீடு றாஹிலாவுக்கு என்று எழுதியாயிற்று, அது நம்முடைய முறை, ஆண்பிள்ளை கட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவன், பெண்சாதி வீடுதான் பிறகு அவனுக்கு வீடு. ஆனால் நடுவில் நீ வந்து இறங்குகிற நாளுக்கு உனக்கு ஒரு இடம் வேண்டாமா. வளவின் கடல் பக்கத்து மூலையில், நீ முன்பு படுக்கிற சின்ன அறைக்குச் சின்னப்போடி வேப்பம் பலகையில் சட்டம் அடித்து, அந்தக் கண்ணாடியைப் போட்டுத் தந்தார். சூறாவளிக்குப் பிறகு அந்த அறைக்குத் தகரம்தான் அடித்துக் கிடந்தது. இப்போது அங்கே நின்றால் தோணி தள்ளுகிறவர்கள் தெரிகிறார்கள்.

மகன், இரண்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன். யன்னல் பிழையாகிப் போனது உனக்கு வெட்கமாக இருக்கிறது என்று எனக்கு விளங்குகிறது, உன் தொழில் அல்லவா, ஊர் பார்க்க அனுப்பியது அல்லவா. அதற்காக இன்னும் இரண்டு வருஷத்தை அங்கே கொடுக்காதே. பிழை எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன், இதில் ஒன்றுகூட நீ அங்கே இருந்து திருத்தியது இல்லை, இனியும் உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். ஆண்பிள்ளை, அவன் விருப்பம் என்கிறார் வாப்பா. அவருக்கு ஆசை இல்லை என்று நினைக்காதே, கேட்கத் தெரியாது அவருக்கு. எனக்குத் தெரியும், நான் கேட்கிறேன். வந்துவிடு.

சஹரை விடாதே, ஈச்சம்பழமாவது தின்றுவிட்டுப் படு. பெரிய கண்ணாடிகளைத் தனியாகத் தூக்காதே, கையுறை போட்டுக்கொள். வாப்பா, றாஹிலா, மருமகன் எல்லோரும் சலாம் சொல்கிறார்கள், ஜெமீலும் சலாம் சொன்னான், அவன் இங்கே கடை போட்டு நன்றாகத்தான் இருக்கிறான். ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லிக் கை ஏந்துகிறேன், நாயன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் எங்கள் கண்ணில் காட்டுவான், ஆமீன். ஒன்றை மட்டும் மறக்காதே. கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். அங்கே நீ போடாதே.

உன் உம்மா,
சபியா உம்மா