பின்வாசல் அடுப்பை இடிக்கும் முன்

ஏனுங்க,

மிளகு மூட்டையோடு செம்மேடு சந்தைக்குப் போகிறேன். சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவேன். புதுச் சமையலறையில் சாப்பாட்டைத் தேடாதீர்கள், அங்கே அழகு மட்டும்தான் இருக்கிறது. சேலத்து டிசைனர் சுவரையெல்லாம் அளந்தார், களி கிண்டுகிற என்னை அளக்கவில்லை. அடுப்பு மேடை என் நெஞ்சுக்கு வருகிறது. துடுப்பைப் போட்டுக் கிண்டினால் கண்ணாடி அடுப்பில் பானை வழுக்கி நடக்கிறது.

நேற்று என் அண்ணனிடம், "மாடுலர் கிச்சன் களிங்க மச்சான், ருசியே தனி!" என்று மூன்றாவது உருண்டையை விழுங்கினீர்களே, அது பின்வாசல் கல் அடுப்பில் வெந்தது. பானையை இறக்கி, தரையில் உட்கார்ந்து, காலால் அணைத்துக் கிண்டினேன். உங்கள் மானத்துக்காக வாயைத் திறக்கவில்லை.

'அசிங்கமாக இருக்கிறது' என்று அந்த அடுப்பை இடிக்கத்தானே சின்னக்கண்ணு மேஸ்திரியை வரச் சொன்னீர்கள்? பத்து மணிக்கு வருவார். இடித்தால் நாளை முதல் களி கிடையாது. சத்தமில்லாமல் மூடும் டிராயரைத் திறந்து திறந்து மூடிப் பசியாறுங்கள்.

பி.கு: இன்றைய களியும் கருவாட்டுக் குழம்பும் அந்த அடுப்பின் மேலேயே இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மேஸ்திரியிடம் பேசுங்கள்.

இன்னொன்று: இடிக்கவில்லை என்றால், வந்த மேஸ்திரியை அந்த அடுப்புக்கு மேலே ரெண்டு தகரம் போடச் சொல்லுங்கள். நேற்று தூறலில் நனைந்துகொண்டேதான் கிண்டினேன்.