ஆள் வந்தால் எரியும் விளக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மாடி ஏறும்போது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ எப்படிம்மா இருக்க என்பாய், நான் நல்லா இருக்கேன்ப்பா என்பேன், பேச்சு அதோடு தீர்ந்துவிடும். காகிதத்துக்கு உன்னைப் போல அவசரம் கிடையாது.

நம் குடியிருப்பில் இப்போது எங்கே திரும்பினாலும் கரண்ட்டை மிச்சம் பிடிக்கிற பேச்சுதான். ஆரம்பித்து வைத்ததே உன் அம்மாதான். சங்கக் கூட்டத்தில் எழுந்து, நாலு மாடிப் படிக்கட்டிலும் விடிய விடிய டியூப் லைட் எரிகிறதே, ஆளில்லாத படிக்கட்டுக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து ஷாக்கடிச்சான் என்று பட்டப்பெயர் வைத்தீர்களே, அதே எலக்ட்ரீஷியன்தான் வந்து எல்லாவற்றையும் மாற்றினான். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டார் இப்போது தானாக நின்றுவிடுகிறது. வீடு வீடாகவும் வந்தான். பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தான், அது வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிரெல்லாம் வெளியே போகிறது என்று புதிதாகப் போட்டுக் கொடுத்தான். உன் வீட்டிலும் இப்படிச் செய்து பார். உங்கள் குளிர் ஊரில் நீங்கள் இல்லாத அறையிலும் ஹீட்டர் ஓடுகிறதாமே, கதவைச் சாத்தி அதை நிறுத்தி வை. என் பிரிட்ஜில் ஒரு பால் பாக்கெட்டும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான், அதற்காக அந்தப் பெட்டி இராப்பகலாக உறுமுகிறது. நிறுத்திவிடலாம்தான், ஆனால் இந்த வீட்டில் என்னைத் தவிர சத்தம் போடுவது அது ஒன்றுதானே.

படிக்கட்டுக்கு வருகிறேன். ஆள் அசைந்தால் எரிந்து, அசைவு நின்றால் தானாக அணைகிற விளக்குகளை வாசலில் ஒன்றும் மாடிக்கொன்றுமாகப் போட்டான். நல்ல விளக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் உன் குரல் வெட்டி வெட்டி வருகிறதென்று ஞாயிறு சாயங்காலம் நான் நாலாவது மாடித் திருப்பத்தில்தான் போனோடு உட்காருவேன். நீ கூப்பிடுகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் விளக்குக்கு நான் ஆளாகவே தெரிவதில்லை, பட்டென்று அணைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்டினால் திரும்ப எரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அணையும். இன்னும் கொஞ்சம் கூடுதலாக எரிகிற மாதிரி வைக்கக்கூடாதா என்று சங்கச் செயலாளரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "படிக்கட்டுல யாருங்க வந்து உக்காரப் போறாங்க?" என்றார்.

இதில் ஒரு கூத்து. எதிர் பிளாக்கில் புதிதாகக் குடிவந்திருக்கிற தையல்காரி, தன் மெஷினுக்கு மேலே இருக்கிற ஜன்னல் வழியாக நான் கையாட்டுவதைப் பார்த்து, தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று பதிலுக்குக் கையாட்டியிருக்கிறாள். உனக்கில்லை அம்மா, விளக்குக்கு என்று அங்கிருந்து எப்படிச் சொல்வது. அடுத்த ஞாயிறும் ஆட்டினாள், நானும் ஆட்டினேன், அப்படியே வழக்கமாகிவிட்டது.

போன மாதம் நீ தொடர்ந்து சில ஞாயிறு கூப்பிடவில்லை. வேலை என்று பிறகு செய்தி அனுப்பினாய், அதை நான் குத்திக்காட்டவில்லை. கடைசி ஞாயிறு மட்டும் எனக்குக் கையைத் தூக்கப் பிடிக்கவில்லை. அணைந்தால் அணையட்டும் என்று இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்பத் தனியாக இருந்ததப்பா, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அப்போது கீழே வாசல் விளக்கு எரிந்தது. பிறகு முதல் மாடி. யாரோ நிதானமாக ஏறி வருகிற சத்தம். இரண்டாவது மாடியிலும் வெளிச்சம் வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாவது மாடி எரிந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் நீதான் வந்துவிட்டாய் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கியும்விட்டேன். வந்தது தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்க, மூச்சு வாங்க நின்று, "லைட்டே வரலையேக்கா, அதான் பாக்க வந்தேன்" என்றாள். அவளைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். விளக்கு அணைந்தது, இரண்டு பேருமே கையைத் தூக்கவில்லை.

இப்போதெல்லாம் அவள் மெஷினை நிறுத்திவிட்டு அடிக்கடி வருகிறாள், அதனால் என்னை நினைத்துப் பயப்படாதே. வேலையை விட்டுவிட்டு வா என்றும் சொல்ல மாட்டேன். நீயும் மருமகளும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் வாழ வேண்டும். பிரிட்ஜ் கதவில் காகிதம் வைத்துப் பார்க்க மறக்காதே. என்றைக்காவது வருவதாக இருந்தால் தேதி சொல்லாதே, கீழேயிருந்து போனும் செய்யாதே. மெதுவாக ஏறி வா, ஒவ்வொரு மாடியாக எரியட்டும். நான் மேலேயிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாலாவது மாடியிலிருந்து உன் அம்மா