பிளாஸ்திரி நெடி

நங்கையா,

இன்று காலை புடவை மடிப்பைச் சரிசெய்தபோது அந்த நெடி வந்தது. காயத்துக்கு ஒட்டும் புதுப் பிளாஸ்திரியைப் பிரித்தால் வருமே, அதே நெடி. இடுப்பிலிருந்த இன்சுலின் பம்பின் திரை எல்லாம் ஒழுங்கு என்றது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

"நேத்து கல்யாணத்துல பாயசம் குடிச்சியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

உங்கள் நினைவு வந்துவிட்டது.

மல்லசமுத்திரத்தில் என் அண்ணன் மனைவியாக நீங்கள் வந்தபோதே சிறுவயதுச் சர்க்கரை நோய் உங்களோடு இருந்தது. பல வருடம் ஊசி; பிறகு பம்ப். சீட்டுக்கட்டு அளவுப் பெட்டி, அதிலிருந்து தோலுக்கடியில் நுழையும் மெல்லிய குழாய், அது நகராமல் இடுப்பில் ஒரு பிளாஸ்திரி, நாளெல்லாம் துளித்துளியாக மருந்து. வேதியியல் படித்த நான் அதை நம்ப ஒரு வருடம் ஆனது. நம்பிய பிறகு, உங்களைவிட அதை நம்பினேன்.

அந்தத் தீபாவளியன்று அம்மா உங்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்தார்.

"பிளாஸ்திரி மேல வேண்டாங்க அத்தை."

"வருசத்துல ஒரு நாளு, சாமி. சும்மா உக்காரு."

மதியம் நீங்கள் வாந்தி எடுத்தீர்கள். அளந்தால் சர்க்கரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. பம்பில் இருப்பது சிறிது நேரமே வேலை செய்யும் இன்சுலின். அது நின்றால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. நான் பம்பை வாங்கிப் பார்த்தேன். அனுப்பிய மருந்தின் கணக்கில் ஒரு துளி குறையவில்லை.

"மருந்து சரியாப் போயிருக்குதுங்க. வெல்லம் போட்ட கச்சாயம் எத்தன தின்னீங்க?"

"ஒண்ணு. அதுக்கும் மருந்து போட்டேன்."

"ஒண்ணுதானுங்களா?" அண்ணன், அம்மா எல்லோர் முன்னும் கேட்டேன்.

"நீ எனக்குச் சொந்தமா, இந்த மிசினுக்குச் சொந்தமா அம்மிணி? குனிஞ்சு இடுப்புக்கிட்ட மோந்து பாரு."

குனிந்தேன். எண்ணெயில் பிளாஸ்திரி கழன்று, குழாய் தோலைவிட்டு வெளியே வந்திருந்தது. கசிந்த இன்சுலினில் புடவை ஈரம்; அதற்கும் புதுப் பிளாஸ்திரியின் நெடிதான். அனுப்பியதைத்தான் பம்ப் சொன்னது. போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இன்சுலின் பேனா ஊசியை எடுத்து நீங்களே போட்டுக்கொண்டீர்கள். வேறு இடத்தில் புதுக் குழாய் பொருத்திவிட்டு, அஸ்தம்பட்டி டாக்டரை போனில் பிடித்தீர்கள். சாயங்காலத்துக்குள் தேறிவிட்டீர்கள். மறுநாள் என் எதிரில் உட்கார்ந்து கச்சாயத்தைக் கடித்தீர்கள். "இது ரெண்டாவது. எழுதிக்க."

வீடே சிரித்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

நீங்கள் கண்மூடிய மறுவருடம் எனக்கும் இன்சுலின் சுரப்பு நின்றுவிட்டது என்றார்கள். நம்பாமல் இன்னொரு டாக்டரிடமும் காட்டினேன். பிறகு, பம்ப்தான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

இன்று காலை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "மோந்து பாருங்க" என்றேன். குனிந்து நிமிர்ந்தவர், "மருந்து நெடி அடிக்குதே" என்றார். நேற்றைய வெயிலில் வேர்த்துப் பிளாஸ்திரி விட்டிருந்தது. கைப்பையில் எப்போதும் இருக்கும் பேனா ஊசியைப் போட்டுக்கொண்டு, புதுக் குழாய் மாற்றினேன். மதியத்துக்குள் சர்க்கரை இறங்கியது.

"பாயசம் ஒரு தம்ளர் குடிச்சேன். அதுக்கு மருந்தும் போட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு நானும் யாரையும் 'ஒண்ணுதானா?' என்று கேட்டதில்லை, நங்கையா.