பயிற்சி நோயாளி

அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாடிப்படி ஏறாதே. நான் சுகமாகத்தான் இருக்கிறேன்.

இங்கே பல்கலைக்கழகத்தில் கோடை முகாம் தொடங்கிவிட்டது. எந்தத் தொழில் தமக்குப் பொருந்தும் என்று பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். செவிலியர் வகுப்புக்கு உண்மையான நோயாளிகளைத் தரமாட்டார்களாம். அதனால் நேற்று நூலகத்தில் வேலையாக இருந்த என்னை அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

ஒரு பெண் என் ரத்த அழுத்தத்தை அளந்து சொன்னாள். ஆசிரியை சிரித்துவிட்டார்.

"இவ்ளோ இருந்தா தாத்தா இப்படி உக்காந்திருப்பாரா? பட்டையைச் சரியா சுத்தும்மா."

மறுபடியும் அதே அளவுதான் வந்தது.

"எனக்கு இது வராது மிஸ். நான் வேற வகுப்புக்குப் போயிடறேன்" என்று அவள் கண் கலங்கினாள்.

அவள் சரியாகத்தான் சுற்றினாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கென்ன தெரியும்? இருந்தாலும் மனம் கேட்காமல், "நீங்களே ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றேன்.

ஆசிரியை பார்த்தார். சிரிப்பு நின்றது. "நீ சொன்னதுதாம்மா சரி" என்றார். அந்தப் பெண் துள்ளிக் குதித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மருத்துவர் மாத்திரை தந்திருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லையாம். என் குடும்பத்தில் வேறு யாருக்காவது ரத்தக் கொதிப்பு இருந்ததா என்று என் அக்காவிடம் விசாரி. காரணம் சொல்லாதே. முடிந்தால் மாலையில் ஃபோன் செய். விசேஷமாக எதுவும் பேச வேண்டாம், என்ன சமைத்தாய் என்று சொன்னால் போதும்.

அந்தப் பெண் இதோ கருவியோடு வந்து நிற்கிறாள். எழுதுகிற கையைத்தான் கேட்கிறாள். நிறுத்துகிறேன்.

உன் கணவன்