கட்டிலுக்கடியில் ஒரு பாட்டில்

மார்ச் 6, புதன்
இந்த மறுவாழ்வு இல்லத்துக்கு வந்து பன்னிரண்டாம் நாள். காலை வகுப்பில் ஆலோசகர் அம்மா ஆளுக்கொரு உலர்திராட்சை கொடுத்தார். உற்றுப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், மெதுவாகக் கடிக்க வேண்டும். மனம் இந்த நிமிடத்தில் நிற்குமாம். என் மனம் எங்கே நின்றது? கடித்ததும் நேரே மதுக்கடைக்கு ஓடியது. குடிகாரனுக்குத் திராட்சையை முகரக் கொடுத்த புண்ணியவதி. பக்கத்துக் கட்டில் தையல்காரரும் கண்ணை மூடி எச்சில் விழுங்கினார்.

மார்ச் 7
கை நடுக்கம் நிற்கவில்லை. பள்ளி வேன் ஓட்டிய கை. குடித்துவிட்டு வேனைச் சுவரில் உரசிய கை. உள்ளே பதினொரு குழந்தைகள், கடைசி இருக்கையில் என் மகள். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அவள் அதன்பிறகு எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. பள்ளிக்கு நடந்தே போகிறாள்.

மார்ச் 9
திராட்சை டப்பாவை அலமாரியில் எடுத்து வைப்பது இந்த வாரம் என் முறை. இரண்டு பிடி அள்ளிவிட்டேன். தண்ணீர் பாட்டிலில் போட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் கட்டிலுக்கடியில், போர்வைக்குள். நாலைந்து நாளில் புளித்துவிடும். இந்த மூளையை வேறு எதற்காவது செலவழித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

மார்ச் 12
மனைவி போனில் பேசினாள். ஞாயிறு வருகிறாளாம். ஆலோசகர் சரி என்றால் அழைத்துப் போவாளாம். "நீங்க குடிச்சதக்கூட மன்னிச்சிட்டேன். குடிச்சிட்டு, இல்லன்னு என் தலைல கை வச்சு சத்தியம் பண்ணீங்களே, அதத்தான் தாங்க முடியல. இன்னொரு பொய் சொன்னா இனிமே வரமாட்டேன்." சரி என்றேன். பாட்டில் நுரைத்துக்கொண்டிருக்கிறது.

மார்ச் 14
மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்றது. ஐயோ, அந்த வாசனை. மூடினேன். திறந்தேன். மூடினேன் — செத்துடலாம் போல இருக்கு.

மார்ச் 15
பாட்டிலைப் பற்றி மூச்சு விடாமல், ஆசை வந்தால் என்ன செய்வது என்று ஆலோசகர் அம்மாவிடம் கேட்டேன். "துரத்தாதீங்க. வரட்டும். உடம்புல எங்க இருக்குன்னு மட்டும் பாத்துட்டே இருங்க. அதுவா போயிடும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது ரயில்வே கேட்தான். ஹாரன் அடித்துப் பயனில்லை. ரயில் கடக்கும்வரை இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். மூன்றரைக்கு ஆசை வந்தது. முதலில் தொண்டையில், பிறகு நெஞ்சில், விரல் நுனிகளில். சட்டை நனைந்துவிட்டது. நாலு மணிக்குத் தேநீருக்குக் கூப்பிட்டபோது கொஞ்சம் தணிந்திருந்தது. ஆனாலும் பாட்டிலைக் கொட்ட மனம் வரவில்லை. ஏன்டா கொட்டல?

மார்ச் 16
இன்று மூன்று ரயில். நாளைக்கு அவளிடம் என்ன சொல்வேன்?

மார்ச் 17, ஞாயிறு
வந்தாள். துணிப்பையில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நான் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக. ஆலோசகரும் சம்மதித்துவிட்டாராம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீடு. குனிந்து பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். முகர்ந்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"குடிச்சீங்களா?"

"இல்ல. ஆனா இப்ப வீட்டுக்கு வந்தா குடிச்சிருவேன்."

அவள் தானே எழுந்து போய்த் தொட்டியில் கொட்டினாள். இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று ஆலோசகரிடமும் அவளே சொன்னாள். மகளைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெறும் பையோடுதான் திரும்பிப் போனாள். சட்டையை என் தலைமாட்டு ஆணியில் மாட்டியிருக்கிறாள்.